டப்பாவில் எழுதியிருந்தது

என் அண்ணன் தன் மனைவியிடம் விட்டுப்போன பொருளைத் திருடித் தின்றவன் நான். தின்றது அவள்தான் என்று வீடு முடிவு கட்டியபோது, வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். மேலே படிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். படிப்பதானால் முழுவதும் படியுங்கள்... பாதியில் எனக்காக ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். அந்தச் சமாதானங்கள் எல்லாம் என்னிடமும் இருக்கின்றன. ஒன்றுகூட உதவவில்லை.

எங்கள் வீடு தென்காசியில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. சிற்றாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல்வயல் உண்டு. அப்பா நாள் தவறாமல் சந்நிதியில் நின்று தேவாரம் பாடுகிறவர். முட்டை என்ற சொல்லைக்கூட எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லமாட்டார்கள். அண்ணன் சண்முகம் என்னைவிட ஆறு வயது மூத்தவன். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள், லாரி ஓட்டத் தெரியும் என்ற ஒரே தைரியத்தில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அப்பா சண்டை போட்டுப் பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார். எந்த ஊருக்குப் போனாலும் மாமிசம் தொடக்கூடாது.

நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தேன். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அண்ணனுடைய பட்டாளத்துக் காகிதமோ, தாலுகா ஆபீஸ் நோட்டீஸோ, எது வந்தாலும் என் கைக்கு வரும். நான் வாசித்து என்ன சொல்கிறேனோ அதுதான் அர்த்தம். சரிபார்க்க ஆள் கிடையாது.

உலகச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஓர் ஆனி மாதம், சாரல் தொடங்கிய சமயத்தில் அண்ணன் லீவில் வந்தான். அஸ்ஸாமிலிருந்து பர்மா எல்லைக்குப் போகும் மலைப்பாதையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மலைக்காய்ச்சலில் ஆள் பாதியாகியிருந்தான். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

வந்த மூன்றாம் நாள் என்னை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனான். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு ஒரு பாறையில் உட்கார்ந்தோம். பையிலிருந்து மெழுகு பூசிய ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தான். பாதிச் செங்கல் அளவு இருக்கும். அமெரிக்கப் பட்டாளத்தான் களத்தில் ஒரு வேளைக்குத் தின்பது இதுதான் என்றான். சேற்றில் புதைந்துபோன ஓர் அமெரிக்க லாரியைத் தன் லாரியோடு சங்கிலி கட்டி இழுத்துவிட்டானாம். அதை ஓட்டியவன் இரண்டு பெட்டிகளைக் கையில் திணித்தானாம்.

"நம்ம நிறந்தாம்லே அவனும். அவன் பட்டாளத்துலயே வெள்ளைக்காரன் அவனைத் தனியாத்தான் உக்கார வப்பானாம். என்கிட்ட தண்ணிக் குப்பியை நீட்டி, நீ முதல்ல குடின்னான்."

பெட்டிக்குள் பல்லுக்குச் சவாலான பிஸ்கோத்து, எலுமிச்சைப் பொடி, சீனிக்கட்டி, சிகரெட்டு நாலு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தகர டப்பா. அருவித் தண்ணீரைத் தம்ளரில் பிடித்து அந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தோம். டப்பாவோடு வந்த சாவியால் அதன் விளிம்பைச் சுருட்டிச் சுருட்டித் திறந்தான். உள்ளே மஞ்சளாக ஒன்று. பாலைத் திரைத்து, உப்புப் போட்டு இறுக்கிய கட்டி, தோஷமில்லை, தின்னு என்றான்.

தின்றேன்.

அரிசி ரேஷனாகி, கல்லும் உமியும் கலந்த குருணையிலும் சோளத்திலும் மரத்துப்போயிருந்த நாக்கு என்னுடையது. அது அன்றைக்கு விழித்துக்கொண்டது! பிஸ்கோத்தில் தடவி அவன் கொடுக்கக் கொடுக்க வாங்கித் தின்றேன். அவனுக்கு மிச்சம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவன் சொன்னான். மழையில் பாதை அறுந்துபோய் ஆறு நாள் ஒரு மலைச்சரிவில் மாட்டிக்கொண்டார்களாம். அரிசி நனைந்து அழுகிவிட்டது. இருந்ததெல்லாம் இந்த மாதிரி டப்பாக்கள்தான். கறி டப்பாக்கள். மூன்றாம் நாள்வரை தாக்குப்பிடித்துவிட்டு, நான்காம் நாள் தின்றானாம்.

"முதல் டப்பாவைத் தின்னுட்டு அழுதேம்லே. ரெண்டாவதுக்கு அழுகை வரல. அப்பாகிட்ட சொல்லிராத."

நான் சொல்லவில்லை. அந்த ஒரு ரகசியத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

இரண்டாவது பெட்டியை அவன் தன் மனைவியிடம், என் மதினியிடம் கொடுத்தான். கோமதி என்று பெயர். அச்சன்புதூரில் நெல் விவசாயம் செய்கிற குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். சண்டை முடிந்து வந்தபின் இருவரும் சேர்ந்து பிரிப்போம் என்று அண்ணன் சொன்னது வெளியே நின்ற என் காதில் விழுந்தது. அவள் அதைத் தன் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். அண்ணன் ரயில் ஏறினான்.

மாசி மாதம் தந்தி வந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். என்ன நடந்தது என்று பின்னால் ஒரு கடிதம் வந்தது. மண் சரிந்து, லாரியோடு பள்ளத்தில் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. அம்மா தரையில் தலையை மோதிக்கொண்டாள். மதினி என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழந்தை இல்லை.

அதன் பிறகு சில மத்தியானங்களில் மதினி டிரங்கைத் திறப்பாள். மெழுகுப் பெட்டியை எடுத்து மடியில் சிறிது நேரம் வைத்திருப்பாள். பிரிக்கமாட்டாள். மறுபடி உள்ளே வைத்துவிடுவாள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவள் துக்கம் தோன்றவில்லை. அதற்குள் என்ன இருக்கும் என்றுதான் தோன்றியது.

சீ... என்ன மனம் இது!

அந்த வருஷம் ஆடி அமாவாசை. செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். அப்பாவும் அம்மாவும் அண்ணனுக்காகக் குற்றாலத்துக்குப் போனார்கள். எனக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. அதைப் பெரிதாக்கிச் சொல்லிப் படுத்துக்கொண்டேன். மதினி எனக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டு, துணி துவைக்க ஆற்றுக்குப் போனாள்.

பசியால் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சி அடுப்படியில் சூடாக இருந்தது.

பார்க்கலாம் என்றுதான் டிரங்கைத் திறந்தேன். பெட்டி கையில் வந்தது. வாசிக்கலாம் என்றுதான் மெழுகைக் கீறினேன். டப்பாவின் மேல் கறுப்பு எழுத்தில் இருந்தது. பன்றித் தொடைக்கறி, முட்டையோடு. நன்றாக வாசித்தேன். இது பால்கட்டி அல்ல என்று தெரிந்துதான் சாவியைத் திருகினேன்.

ஏன்? இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன். ஆசை என்று சொல்லலாம். ஆனால் அண்ணன் வீட்டை உதறிப் போனான், மலை பார்த்தான், சத்தியத்தை மீறினான், அழுதான், செத்தும் போனான். நான் வகுப்பறையில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அவனுக்காக அழுதார்கள். அவனிடம் இருந்த ஏதோ ஒன்று எனக்கும் வேண்டியிருந்தது போலும்... இதுவும் ஒரு சமாதானந்தானோ? இருக்கலாம். தள்ளிவிடுங்கள்.

இளஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாக, சுற்றிலும் கொழுப்பு உறைந்து இருந்தது. முதல் வாய்க்குக் குமட்டியது. இரண்டாவது வாய்க்குக் குமட்டவில்லை. உப்பும் புகைவாடையும் நாக்கில் இறங்கின. கடைசித் துணுக்குவரை விரலால் வழித்துத் தின்றேன். பொய் சொல்லமாட்டேன். ருசியாக இருந்தது. என் அண்ணனுக்கு அப்பா எள்ளுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அதே முற்பகலில், எனக்கு அது ருசியாக இருந்தது!

காலி டப்பாவைக் கொல்லையில் எருக்குழியில் புதைத்தேன். பெட்டியின் கிழிசலை மெழுகுவர்த்தி கொண்டு பூசி, புடவைக்கு அடியில் பழையபடி வைத்தேன். மதினி ஈரத்துணியோடு வந்தாள். கஞ்சி குடிக்கவில்லையா என்று கேட்டாள். வாய் கசக்கிறது என்றேன்.

நான்கு நாள் சென்றது. ஆடி நடவுக்காக வயலுக்கு எரு அள்ள ஆள் வந்திருந்தான். அவன் மண்வெட்டியில் டப்பா மாட்டியது. உள்ளே எறும்பு மொய்த்திருந்தது. கழுவிப் பார்த்த அம்மா, இங்கிலீஷ் எழுத்தைக் கண்டதும், மூத்த மகன் மருமகளிடம் கொடுத்த பெட்டியை நினைத்துக்கொண்டாள். டிரங்கைத் திறந்தார்கள். மெழுகு பூசிய கிழிசல் வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பெரியப்பாவை வரவழைத்தார்கள். கூடத்தில் அப்பாவும் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தூணருகே நின்றாள். மதினி அடுப்படி வாசலில் நின்றாள். அப்பா டப்பாவை ஒரு கிழிந்த இலையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இதுல என்னலே எழுதிருக்கு? வாசி."

இந்த இடத்தில் நில்லுங்கள். என்னோடு கொஞ்சம் நில்லுங்கள்.

உண்மையைச் சொல்லி, தின்றவன் நான் என்று ஒப்புக்கொள்ளும் தைரியம் எனக்கு இருந்திருக்க வேண்டும். இல்லை. அதை விடுங்கள். இன்னொரு வழியும் இருந்தது. பால் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பாலைத் திரைத்துச் செய்த கட்டி, தோஷமில்லை என்று அண்ணன் எனக்குச் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் மறுக்க ஒருவருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. புருஷன் கொடுத்த பால்கட்டியை மருமகள் தின்றாள் என்றால், நாளும் கிழமையுமாக இப்படி ஒரு தீனியா என்று இரண்டு வசவோடு போயிருக்கும்.

பொய் சொல்ல எனக்குக் கூச்சமா? நான்கு நாளாக என் மூச்சே பொய்யாக இருந்தது!

மதினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. காத்திருக்கிற பார்வை.

நான் டப்பாவைக் கையில் எடுத்து, வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்.

"பன்னிக்கறி, அப்பா. முட்டையும் கலந்திருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பெரிய உண்மையை மறைப்பவன் சின்ன உண்மையைக் கச்சிதமாகச் சொன்னால், அவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அது எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா வீட்டில் இல்லாதது அமாவாசையன்று மட்டும்தான், அன்றைக்கு வீட்டில் இருந்தது இரண்டு பேர், அதில் ஒருவன் காய்ச்சலில் கிடந்தான் என்று பெரியப்பா கணக்குப் போட்டுச் சொன்னார். புருஷனுக்குத் தண்ணீர் இறைக்கிற நாளில் இப்படி ஒரு காரியமா என்று கேட்டார். மதினி ஒரே ஒருமுறை பேசினாள்.

"நான் தொடல, மாமா."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. எழுந்துபோய்க் குளித்துவிட்டு வந்தார். நாளைக்கு வண்டி கட்டி அவளை அச்சன்புதூரில் விட்டுவிடு என்று என்னிடம் சொன்னார்.

நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழி நெடுக நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். தூறல் விழுந்தது. வண்டிக்குள் அவளும் டிரங்கும். மீதமிருந்த பிஸ்கோத்தையும் பெட்டியையும் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். இறங்கும்போது மதினி அதை மட்டும் கேட்டாள், எரித்துவிட்டார்களா என்று. ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் காளைகளைத் திருப்பினேன்.

அதற்குப்பின் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். அங்கே கூடப்பிறந்த அண்ணன் வீட்டிலேயே அவளுக்குத் தனிப் பானை, தனி மூலை. மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் படுக்கை. பன்றி தின்றவள் என்பது தெருவில் அவளுக்குப் பெயரானது. பிள்ளைகள்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டுமே. எனக்குக் கல்யாணம் பேசியபோது, பெண் வீட்டார் எங்கள் ஆசாரத்தை மெச்சினார்கள். பெற்ற மகனின் மனைவியென்றும் பாராமல் அனுப்பிவைத்த குடும்பம் என்றார்கள். அப்பா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் புது வேட்டியில் உட்கார்ந்திருந்தேன். பாயசம் பரிமாறினார்கள். குடித்தேன்.

சண்டை முடிந்து, நாட்டுக்குச் சுதந்திரமும் வந்து, வருஷங்கள் ஓடிவிட்டன. போன வருஷம் குற்றால சீசனில், ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பங்களாவின் பின்கட்டில் மதினியைப் பார்த்தேன். குளிக்க வந்திருந்த ஒரு வெளியூர்க் குடும்பத்துக்குச் சமைத்துப்போட வந்திருந்தாளாம். அவர்களுக்கு அவள் கதை தெரியாது. முடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் சுகமா, தம்பி என்று கேட்டாள்.

அந்தச் சுகமாவைக் கேட்டதும், ஈர மண்ணில் நின்றபடியே சொல்லிவிட்டேன். தின்னது நாந்தான் மதினி என்று.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். அன்னைக்கு நான் ஆத்துலேர்ந்து வந்தப்போ, விரலை மோந்துக்கிட்டே படுத்திருந்தீக."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன தகுதி! ஆனாலும் கேட்டேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க ஒத்துக்குவீகன்னும் நான் நெனைக்கல. மாமா வாசிக்கச் சொன்னாகல்லா, அப்போ பாலுன்னு சொல்லிருவீகன்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் அருவிக்கரைல பால்கட்டி தின்ன கதையை அவுக எனக்குச் சொல்லியிருந்தாக."

அடுப்பில் ஏதோ பொங்கியது. போய் மூடியை நகர்த்திவிட்டு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோலப் பேசினாள். அண்ணன் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தானாம். ஆறு நாள், மலைச்சரிவு, கறி டப்பா, அழுகை, எல்லாம்.

"அந்தப் பெட்டில இருக்கது கறிதான்னு அவுக சொல்லித்தான் குடுத்தாக. அவுக அங்கன தின்னதை நானும் ஒரு வாய் தின்னு பாக்கணும்னு இருந்தேன். வருசம் கழியட்டும்னு வச்சிருந்தேன். எப்படி இருந்துது தம்பி, அது?"

யோசித்துப் பாருங்கள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். மன்னிப்புக் கேள் என்று சொல்லவில்லை. அப்பாவிடம் போய்ச் சொல் என்று சொல்லவில்லை. அந்த ருசியைக் கேட்டாள். அவள் புருஷனின் வாய் அறிந்திருந்ததை, இந்த ஊரில் நான் ஒருவன்தான் சொல்லமுடியும்.

உப்பு என்று சொல்லியிருக்கலாம். புகைவாடை என்று சொல்லியிருக்கலாம். முதல் வாய் குமட்டும், பிறகு பிடித்துப்போகும் மதினி, அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

"ஞாபகம் இல்ல மதினி" என்றேன்.

நாக்கு நுனியில் அது இருந்தது. இருந்தும் அப்படிச் சொன்னேன். ருசித்துத் தின்றேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டேன். என் வெட்கம் எனக்கு அவளைவிடப் பெரிதாக இருந்தது... அன்றைக்குக் கூடத்தில் இருந்ததைப் போலவே.

சரி, சாரல் வலுக்கிறது, துணி எடுக்கணும் என்றாள். கொடியிலிருந்து யாருடைய துணிகளையோ ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

சீசன் முடிந்து அவள் அச்சன்புதூருக்கே போய்விட்டதாகக் கேள்வி. அதே சாய்ப்பு, அதே பெயர். அந்தப் பெயரை அழிக்க என்னால் முடியும். அப்பா உயிரோடு இருக்கிறார். பெரியப்பா இருக்கிறார். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் அண்ணன் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கும். அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை மனத்துக்குள் கட்டிவைத்திருக்கிறேன். நல்ல வாக்கியம். வாத்தியார் அல்லவா!

அதைச் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்னை ஒன்றும் செய்யமுடியாது என்பதால்தான் பேசுகிறேன். அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்பா கோயிலிலிருந்து வந்துவிட்டார். செம்பில் தண்ணீர் எடுத்துக் கால் கழுவுகிற சத்தம் கேட்கிறது. என் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிறாள். எனக்கு இலை எப்போதும் அவர் பக்கத்தில்தான் போடுவார்கள். போய் உட்காரப்போகிறேன்.